துரைசானியின் கையில் இருந்தது இரவல் அதிகாரம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

காலனிய ஆட்சிக் கால நாவல்களில் வெள்ளைக்காரப் பெண் அதிகாரம் படைத்தவளா, அதிகாரத்தின் கருவியா என்பது இன்றைய கேள்வி. கருவியே என்று வாதிட வந்திருக்கிறேன். இந்தியரையும் பர்மியரையும் அவள் நடத்திய விதத்தை மூடி மறைப்பது என் நோக்கமன்று. வெள்ளையர் தமக்குள்ளே அவளுக்கு எந்த இடத்தைக் கொடுத்தார்கள் என்பதே வழக்கு.

எனக்கு முன் பேசிய நண்பர், இ. எம். ஃபார்ஸ்டர் 1924இல் வெளியிட்ட 'எ பாசேஜ் டு இந்தியா' நாவலிலிருந்து திருமதி டர்ட்டனைச் சான்றாக நிறுத்தினார். கலெக்டரின் மனைவியான அவர் வேலைக்காரர்களிடம் பேசுவதற்காக மட்டுமே உருது கற்றவர். அதனால் ஏவல் வினைகளைத் தவிர வேறு வினைவடிவம் அறியாதவர். இதுவன்றோ அதிகாரம் என்றார் நண்பர். ஆனால் அந்த ஏவலுக்குப் பின்னால் நின்ற பதவி யாருடையது? கலெக்டர் போன்ற உயர் பதவிகளுக்கான ஐ.சி.எஸ். என்ற அரசுப் பணி ஆங்கிலேயர் வெளியேறும்வரை பெண்களுக்குத் திறக்கப்படவே இல்லை. விருந்து மேசையில் எந்தத் துரைசானி எங்கே அமர்வது என்பதைக்கூடக் கணவனின் பதவியே முடிவு செய்தது.

அதே நாவலில் நண்பர் தொடாமல் விட்ட ஒருத்தி இருக்கிறாள்: ரயில்வேயில் சிறு பதவியில் இருப்பவரின் மனைவி, திருமதி பிளாகிஸ்டன். மற்ற நாட்களில், ஆங்கிலேயர் கூடும் கிளப்பின் பெரிய வீட்டுப் பெண்கள் அவளை மதிப்பதில்லை. மராபார் குகையில் அடெலா என்ற ஆங்கிலப் பெண்ணிடம் முறைகேடாக நடந்ததாக இந்தியரான டாக்டர் அஜீஸ் கைதானதும் நிலைமை மாறுகிறது. கணவன் வெளியூரில் இருக்க, தனியே பங்களாவுக்குத் திரும்ப அஞ்சி, கைக்குழந்தையோடு கிளப்பின் புகைபிடிக்கும் அறையில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். அந்த ஒரு மாலை மட்டும், பொன்னிறக் கூந்தலும் மடியில் குழந்தையுமாக இருக்கும் அவள், தாங்கள் உயிரைக் கொடுத்துக் காக்க வேண்டியவற்றின் வடிவமாக அங்குள்ளோருக்குத் தெரிகிறாள். ஆண்களின் ஆவேசத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. அவளுடைய முகம் எடுத்துக்கொள்ளப்பட்டது. அவள் என்ன நினைக்கிறாள் என்று அங்கே எவரும் கேட்கவில்லை.

அடெலாவின் கதி இன்னும் தெளிவானது. அவள் அஜீஸைக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்த வரையில் ஆங்கிலேயர் ஏறக்குறைய அனைவரும் அவள் பின்னால் நின்றார்கள். நீதிமன்றத்தில் உண்மையை உணர்ந்து குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்ற கணத்தில் அத்தனை பேரும் விலகினார்கள். அவளுக்குத் தங்க இடம் கொடுத்தவர், அஜீஸின் பக்கம் நின்றதால் கிளப்பைவிட்டு விலகியிருந்த கல்லூரி முதல்வர் ஃபீல்டிங் ஒருவரே. மணந்துகொள்ள இருந்த நகர மாஜிஸ்ட்ரேட் ரோனியோ, தன் உத்தியோகத்துக்குக் கேடு என்று உறவை முறித்துக்கொண்டார். நடுவர் அவர்களே, பிறர் எதிர்பார்த்ததைச் சொன்னால் தூக்கி வைக்கப்படுவதும், உண்மையைச் சொன்னால் கைவிடப்படுவதும் அதிகாரம் உள்ள ஒருவருக்கு நேரக்கூடியதா?

1922 முதல் 1927 வரை பர்மாவில் காவல்துறை அதிகாரியாக இருந்த ஜார்ஜ் ஆர்வெல், 1934இல் வெளிவந்த 'பர்மீஸ் டேஸ்' நாவலில் இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறார். தாயையும் தந்தையையும் இழந்து, கையில் காசில்லாமல், சித்தப்பா வீட்டை நம்பி பர்மாவுக்கு வருகிறாள் 22 வயது எலிசபெத். அந்தச் சித்தப்பாவே அவளிடம் தகாத முறையில் நெருங்குகிறார். சித்தியோ மாப்பிள்ளை தேடுவதிலேயே குறியாக இருக்கிறாள். இங்கேதான் பாலினத்தோடு வர்க்கமும் சேர்ந்து அவளை நெரிக்கிறது: மர வியாபாரி ஃபுளோரியைவிடப் பிரபுக் குடும்பத்து வெரால் மேலானவன் என்று அவள் கணக்கிடுகிறாள், அவனோ ஒரு சொல்லும் சொல்லாமல் ரயிலேறிவிடுகிறான். (இதே ஃபுளோரி, மா ஹ்லா மே என்ற பர்மியப் பெண்ணை அவளுடைய பெற்றோரிடம் 300 ரூபாய்க்கு வாங்கியவன். அவளுடைய துயரம் எலிசபெத்தின் துயரத்தைவிடக் கொடியது என்பதை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன்.)

கடைசியில் எலிசபெத், துணை ஆணையர் மெக்ரிகரை மணந்து, வேலைக்காரர்கள் நடுங்கும் துரைசானி ஆகிறாள் என்பதை எதிரணி அடுத்துச் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் அப்போது அவள் கரைத்துக் குடித்திருப்பது எதை என்று பாருங்கள்: அரசு அதிகாரிகளின் பதவி வரிசையைச் சொல்லும் 'சிவில் லிஸ்ட்' என்ற ஏடு. கீழ்நிலை அதிகாரிகளின் மனைவியரை அடக்கி வைக்க அவளுக்குத் துணை அதுதான். அந்த ஏட்டில் அவள் தேடிப் பார்க்கக்கூடியது கணவனின் பெயரை மட்டுமே.