ஒன்பது கையுறை போதும்

(திருகோணமலையில் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், ஆயுபோவன்.

நம் பிள்ளைகளுக்குப் பேஸ்போல் பழக்கத் தொடங்கப்போகிறோம். உள்ளே வரும்போது ஒரு அப்பா கேட்டார்: "ஃபுட்போல் இருக்கு, கிரிக்கெட் இருக்கு. பேஸ்போல் எதுக்கு சேர்?" நியாயமான கேள்வி. இது ஃபுட்போல் ஊர். மக்கெய்சர் மைதானத்தில் ஒரு நல்ல ஆட்டம் என்றால் வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிற ஆட்களில் நானும் ஒருவன்.

ஆனால் ஃபுட்போலுக்கு வருகிற பிள்ளைக்குப் பின்னால் ஒரு அண்ணனோ மாமாவோ இருப்பார். கிரிக்கெட்டில் வசதியுள்ள பிள்ளை முதல் நாளே சொந்த பேட்டோடு வரும். பேஸ்போலில் யாருக்கும் அந்த முன்கூட்டிய அனுகூலம் இல்லை. கிண்ணியாப் பிள்ளையும் உப்புவெளிப் பிள்ளையும் சேருவிலப் பிள்ளையும் ஒரே மாதிரித்தான் முழிப்பார்கள். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் பெரும்பாலும் தனித்தனிப் பள்ளிக்கூடங்களில் படிக்கிற மாவட்டத்தில், சேர்ந்து முழிக்க ஓர் இடம் கிடைப்பது பெரிய விஷயம். காணிப் பிரச்சினையைப் பந்து தீர்க்காது. அது எனக்கும் தெரியும்.

முழுக்கப் புதிது என்றும் சொல்லிவிட முடியாது. எல்லே என்கிற நம்மூர் மட்டைப்பந்து ஆட்டம் தெரிந்த பிள்ளைக்கு அடித்துவிட்டு வட்டமாக ஓடுவது பழக்கம்தான். ஓடுகிறவர்மேல் பந்தை எறிகிற பழக்கத்தை மட்டும் விடவேண்டும். கிரிக்கெட் ஆடிய பிள்ளைக்கு வேறு தொல்லை. அடித்தவுடன் பேட்டையும் தூக்கிக்கொண்டு ஓடும். "பேட்டைப் போடு, பேட்டைப் போடு" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிடும்.

சரி, செலவு? கையுறைதான் விலை கூடியது. ஆனால் ஒரு நேரத்தில் களத்தில் நிற்பது ஒன்பது பேர். ஒரு அணி தடுக்கும்போது மற்ற அணி அடிக்கும். ஆகவே இரண்டு அணிக்கும் ஒன்பது கையுறை போதும். மாறும்போது கழற்றி எதிரணிப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டியதுதான். அமெரிக்காவின் பெரிய லீக்குகளிலேயே 1954 வரை கையுறையைக் களத்தில் போட்டுவிட்டுத்தான் அடிக்கப் போவார்கள். எதிரணிக்காரன் கொடுத்த கையுறை, உள்ளே அவனுடைய வியர்வை ஈரம். அதற்குள் கையை விட்டுத்தான் அவன் அடிக்கிற பந்தைப் பிடிக்கவேண்டும். பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பழக இதைவிடக் குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

சிறுவர் பேஸ்போலுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. 1939இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டோட்ஸ் மூன்று அணிகளோடு தொடங்கிய லிட்டில் லீக்கில் இருந்து வந்தது. ஓடித் தொடவேண்டிய நான்கு மூலைகளைத் தளம் என்போம். தளங்களுக்கு இடையே பெரியவர்களுக்கு 90 அடி, பிள்ளைகளுக்கு 60. அணியில் இருக்கிற பிள்ளை ஒரு தடவையாவது அடிக்கவேண்டும், எதிரணிக்கு ஆறு அவுட் விழும் அளவுக்காவது களத்தில் நிற்கவேண்டும் என்று விதி. திறமைசாலிகளை மட்டும் இறக்கிவிட்டு மற்றவர்களைத் தண்ணீர்ப் போத்தல் தூக்க வைக்க முடியாது. நம்முடைய பள்ளிக்கூட அணிகளில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். அப்புறம், 12 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் வீசக்கூடாது. 66 அல்லது அதற்கு மேல் வீசினால் நான்கு நாள் ஓய்வு. மகனை நட்சத்திரமாக்கத் துடிக்கிற அப்பாமார் இதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள். வளர்கிற முழங்கை அது.

பெண்பிள்ளைகளை லிட்டில் லீக் 1974வரை சேர்க்கவில்லை. நீதிமன்றம் போன பிறகுதான் கதவு திறந்தது. இங்கே முதல் நாளே திறந்திருக்கும்.

எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. ஒரு பிள்ளை பந்தை வேண்டுமென்றே மெதுவாகத் தட்டி, தான் அவுட்டாகி, தளத்தில் நிற்கிற தோழனை அடுத்த தளத்துக்கு அனுப்பும். அந்த அவுட்டை அந்தப் பிள்ளையின் அடிச் சராசரியில் சேர்ப்பதில்லை. பரீட்சைப் புள்ளி, வெட்டுப்புள்ளி என்று வளர்கிற பிள்ளைகளுக்கு, மற்றவனுக்காக இழந்தது தன் கணக்கில் குறையாது என்பதே புதினம்.

சனிக்கிழமை மாலை நாலரைக்குத் தொடங்குவோம், வெயில் தாழ்ந்த பிறகு. மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று காலத்தில் உயரப் போகிற பந்து எங்கே விழும் என்று சொல்ல முடியாது, அதனால் முதலில் தரைப் பந்துதான். புள்ளி எழுத ஆள் வேண்டும். நிழலில் இருந்தே எழுதலாம், அம்மாமார் இரண்டு பேர் வந்தால் நல்லது. ரியூசன் நேரம் இடித்தால் இப்போதே சொல்லுங்கள், மாற்றலாம். இடக்கைப் பிள்ளைகள் இருந்தாலும் சொல்லிவிட்டுப் போங்கள். அவர்களுக்கு வலக்கையில் போடுகிற கையுறை தனியாக வாங்கவேண்டும்.