பக்கவாத்தியத்தின் ஊரிலிருந்து வந்தவர்

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ரைமன் என்றோர் அரங்கம் இருக்கிறது. 1892-ல் ஜெபக்கூடமாகத் திறந்தது. இன்றும் ரசிகர்கள் அங்கே தேவாலய மரப் பெஞ்சுகளில்தான் உட்காருகிறார்கள். பல ஆண்டுகளாக அக்டோபர் மாதம் வந்தால் பாடகரும் பாடலாசிரியருமான ஜேசன் இஸ்பெல் தன் குழுவான 400 யூனிட்டோடு அங்கே வரிசையாகப் பல இரவுகள் பாடுகிறார். ஒரு பாட்டில், இனி குடியைத் தொடவே மாட்டேன் என்று ஒரு வரி வரும். அந்த வரியில் கூட்டம் மொத்தமும் ஆர்ப்பரிக்கும். 2018-ல் வெளியான ரைமன் நேரடிப் பதிவில் அதைக் கேட்கலாம். கிட்டாரும் குரலுமாகத் தொடங்கும் பாட்டு, குழு ஒவ்வொருவராக உள்ளே வர வர ஏறிக்கொண்டே போகும். யாரும் குரலை மிதிப்பதில்லை. இன்று நான் பேச வந்தது அந்தப் பக்குவத்தைப் பற்றி.

இஸ்பெல் பிறந்தது 1979-ல், வடக்கு அலபாமாவில் கிரீன் ஹில் என்ற சிற்றூரில். பக்கத்திலேயே மஸில் ஷோல்ஸ். ஆற்றங்கரைச் சிறுநகரம்தான், ஆனால் இசை தெரிந்தவர்களுக்குப் பெரிய பெயர். 1967-ல் பாடகி அரீதா ஃபிராங்க்ளின் அங்கிருந்த ஃபேம் ஸ்டுடியோவுக்கு வந்து பாடினார். அவருக்குப் பின்னால் வாசித்தவர்களில் பலர் உள்ளூர் இளைஞர்கள். உலகம் முழுக்க ஒலித்த பாட்டுகளில் அவர்கள் கை இருந்தது. பெயர் வெகுகாலம் வெளியே தெரியவில்லை. பாடகரால் புகழ்பெற்ற ஊர்கள் நிறைய உண்டு. பக்கவாத்தியத்தால் புகழ்பெற்ற ஊர் இது.

இஸ்பெல்லும் அப்படித்தான் தொடங்கினார். தாத்தா பெந்தெகொஸ்தே சபைப் போதகர். சின்ன வயதிலேயே மாண்டலின் கைக்கு வந்துவிட்டது. தாத்தா வாசிக்க, பேரன் கிட்டாரில் தாளம் பிடிக்க வேண்டும். 2001-ல் டிரைவ்-பை டிரக்கர்ஸ் என்ற ராக் குழுவில் சேர்ந்தபோதும் அவர் மூன்றாவது கிட்டார்க்காரர்தான். அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான பேட்டர்சன் ஹுட்டின் அப்பா டேவிட் ஹுட், மஸில் ஷோல்ஸின் பெயர்பெற்ற பேஸ் கிட்டார் கலைஞர். இஸ்பெல் போய்ச் சேர்ந்த இடம் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

மூன்றாவது கிட்டார்க்காரர் பாட்டும் எழுதினார். வீட்டுக்கு வெள்ளையடிக்கும் ஓர் அப்பா, இசைக்காக ஊரைவிட்டுப் போகும் மகனுக்குச் சொல்லும் புத்திமதியாக ஒரு பாட்டு. இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் ஒருவர் தன் அப்பாவின் குரலில் இவ்வளவு நிதானமாகப் பேச முடியுமா என்று எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை. அப்புறம் குடி முற்றியது. 2007-ல் அந்தக் குழுவைவிட்டு வெளியேறினார்.

அதன்பின் சேர்த்த குழுவுக்குத்தான் 400 யூனிட் என்று பெயர். அவர் ஊருக்கு அருகே ஃபிளாரன்ஸ் நகர மருத்துவமனையில் இருந்த மனநலப் பிரிவின் பெயர் அது. குணமாகி வரும் நோயாளிகளைச் சாப்பிடுவதற்காகக் கடைத்தெருவுக்கு அழைத்து வருவார்களாம். எங்கே வந்திருக்கிறோம் என்று புரியாமல் வேனிலிருந்து இறங்கும் அந்த முகங்களில், ஊர் ஊராகச் சுற்றும் இசைக்குழுவை அவர் கண்டிருக்கிறார்.

2012-ல் குடிநோய்க்குச் சிகிச்சை எடுத்தார். அமாண்டா ஷயர்ஸும் நண்பர்களும் அதற்குத் துணை நின்றார்கள். வயலின் கலைஞரும் பாடலாசிரியருமான அமாண்டாவை அடுத்த ஆண்டு மணந்தார். 2013-ல் வந்த 'சவுத்ஈஸ்டர்ன்' ஆல்பம்தான் அவரை உயர்த்தியது. புற்றுநோயில் இறந்துகொண்டிருக்கும் தோழியோடு மதுக்கடையில் உட்கார்ந்து பேசும் பாட்டு அதில் இருக்கிறது. ஆறுதல் சொல்லவே சொல்லாத பாட்டு. இருவரும் சிரித்துப் பேசி அந்த ஒரு விஷயத்தை மட்டும் தாண்டிப் போகிறார்கள். தயாரிப்பாளர் டேவ் காப் அதில் வாத்தியங்களைக் குறைத்தே வைத்தார். இன்னும் கொஞ்சம் கூட்டியிருந்தால் அழவைக்கும் பாட்டாகிக் கெட்டிருக்கும் என்பது என் கருத்து.

கிராமி விருதுகள் வரிசையாக வந்தன. அதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு முக்கியம் வேறு. 'சவுத்ஈஸ்டர்ன்' அட்டையில் அவர் பெயர் மட்டும்தான். குழுவைச் சேர்ந்த டெரி டிபோர்ஹாவும் சாட் கேம்பிளும் அதில் வாசித்தும்கூட. அடுத்த ஆல்பத்திலும் அப்படியே. 2017-ல் 'த நாஷ்வில் சவுண்ட்' வந்தபோது 400 யூனிட் பெயர் அட்டைக்குத் திரும்பியது. ஜிம்போ ஹார்ட்டின் பேஸ், டெரியின் கீபோர்டு, சாட்டின் டிரம்ஸ், சாட்லர் வேடனின் கிட்டார், அமாண்டாவின் வயலின். கணவன் மனைவியில் ஒருவர் முந்திப் போகத்தானே வேண்டும் என்று இஸ்பெல் பாடும் பாட்டை இதில் கேளுங்கள். அமாண்டாவின் குரல் கூடவே வரும். தனியாகப் பாடியிருந்தால் அது ஒருவருடைய பயம். இரண்டு குரலில் அது ஒரு குடும்பத்தின் பயம்.

அந்த மணவாழ்க்கையும் முடிந்தது. 2025-ல் அவர் 'ஃபாக்ஸஸ் இன் த ஸ்னோ' என்றோர் ஆல்பம் வெளியிட்டார். நியூயார்க்கின் எலெக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவில், 1940-ல் செய்த ஒரு மார்ட்டின் கிட்டாரை மட்டும் வைத்துக்கொண்டு ஐந்தே நாளில் பதிவு செய்தது. டிரம்ஸ் இல்லை, வயலின் இல்லை. இத்தனை ஆண்டுகள் அந்தக் குழுவைக் கேட்ட பழக்கத்தில், சாட்டின் டிரம்ஸ் நுழைய வேண்டிய இடங்களில் என் விரல் தானாகவே மேசையில் தட்டுகிறது.