எடை முதல்லயா, திரை முதல்லயா?

வணக்கம். மொரிஷியஸ்ல ரோஸ் ஹில்லேர்ந்து ஒரு தங்கச்சி, பள்ளிக்கூட நாடகத்துல நடிக்கிறவங்க, கேட்டிருக்காங்க: "150 கிலோ திரையை ஒரே ஆள் கையால மேல இழுக்குறாரே, கை நழுவினா எங்க தலையில விழாதா?" ரெண்டு நாளா இதுதான் மனசுல ஓடுது.

அவர் தூக்கலம்மா. தூக்குறது எதிர்ப்பக்கத்து எடை. திரை கட்டுற குழாய்லேர்ந்து எஃகுக் கயிறு மேல போய், கப்பியில ஏறி, பக்கச் சுவரோரமா ஒரு இரும்புத் தொட்டிலுக்கு இறங்குது. அந்தத் தொட்டில்ல திரைக்குச் சமமா இரும்புக் கட்டி அடுக்கியிருக்கும். கையில பிடிக்கிற கயிறு நகர்த்துறதுக்கு மட்டும்தான்.

காவடியை நினைச்சுக்குங்க. தைப்பூசத்துல ரெண்டு பக்கமும் பால் செம்பு தொங்குதில்ல? ஒரு பக்கத்துச் செம்பை மட்டும் அவுத்தா தோள்ல நிக்குமா?

அதனால வரிசைதான் உயிர். ஏத்தும்போது குழாயைத் தரைக்கு இறக்கி முதல்ல திரையைக் கட்டணும், அப்புறம்தான் மேல தொட்டில்ல எடை. கழட்டும்போது முதல்ல எடை, அப்புறம்தான் திரை. ஏன்னா பாரமான பக்கம் கீழ இருந்தா அது எங்க விழும்? விழ இடமே இல்ல. பழைய ஆளுங்களுக்கு இது தெரியும், ஆனா நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: பாரம் கீழ, பாரம் கீழ.

போர்ட் லூயிஸ் தியேட்டர், 1822ல திறந்தது, அதைப் பத்தி முன்னாடி ஒரு தடவை பேசும்போது மேடையில சீட்டி அடிக்கக்கூடாதுன்னு சொன்னேனே? அந்தக் காலத்து ஐரோப்பிய மேடைகள்ல கயிறு இழுத்தவங்க மாலுமிங்க, சீட்டிதான் அவங்களுக்கு சைகைன்னு சொல்வாங்க. வேற யாரோ சீட்டி அடிச்சா திரை இறங்கிடும். இப்ப அந்த வேலையைக் குரல் செய்யுது. குழாய் நகர்றதுக்கு முன்னாடி சத்தமாச் சொல்லணும், கீழ இருக்கிறவங்க நிமிர்ந்து பார்க்கணும்.

தங்கச்சி, நீங்க கேட்டிருக்க வேண்டியது இன்னொண்ணு: கயிறு ஓட ஆரம்பிச்சுட்டா என்ன செய்யணும்? ஒரு பள்ளி விழா முடிஞ்சு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பசங்க கோபுரம் வரைஞ்ச திரையோட நாடா முடிச்சை ஒண்ணொண்ணா அவுத்துட்டாங்க. மேல எடை அப்படியே இருக்கு. கையில பிடிக்கிற கயிறு நகராம கவ்வி வைக்கிற கயித்துப் பூட்டை நம்பினாங்க. அது பிரேக் இல்ல, 20 கிலோ வித்தியாசம் தாங்கினாலே பெரிசு. கடைசி முடிச்சு அவிழ்ந்ததும் குழாய் விர்ருனு மேல போச்சு, தொட்டில் கீழ பாஞ்சுச்சு. என் பக்கத்துல நின்ன நண்பர் கயித்தைப் பிடிச்சார்.

பிடிக்கக்கூடாது. கத்தணும், விட்டுட்டு ஒதுங்கணும். அவர் உள்ளங்கைத் தோல் அந்தக் கயித்துலேயே ஒட்டியிருந்துச்சு. மூணு வாரம் அவங்க அம்மாதான் சோறு ஊட்டுனாங்க.