வாய்சி தனக்காகக் கட்டிய வீடு

அவையோருக்கு வணக்கம்.

லண்டனிலிருந்து வடமேற்கே, மெட்ரோபாலிட்டன் ரயில் பாதையில் சார்லிவுட் என்றோர் ஊர் உண்டு. அங்கே ஒரு பழத்தோட்டத்து மனையில், 1899-இல் சி.எஃப்.ஏ. வாய்சி என்ற கட்டடக் கலைஞர் தன் மனைவி மக்களுக்காக ஒரு வீடு கட்டினார். பெயர், ‘தி ஆர்ச்சர்ட்’. கைவினையையும் எளிமையையும் போற்றிய ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் இயக்கத்தின் கலைஞர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட வீடுகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

காரணம், அதில் இல்லாதவை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் வசதி படைத்தவர் வீடு என்றால் செதுக்கு வேலை, உயரமான கூரை, அறை நிறையத் திரைச்சீலை. வாய்சியோ வெள்ளைச் சுவர் எழுப்பி, ஸ்லேட் கல் போர்த்திய பெரிய கூரையை இறக்கி, இறவாரத்தை நன்றாக நீட்டிவிட்டார். உள்ளே கூரை தாழ்வு. மரவேலைக்கு வெள்ளை வண்ணம்.

அந்தச் சுவரைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்தான். மேலே கூழாங்கல் கலந்த சொரசொரப்பான பூச்சு. கனமான கல்சுவரைவிடச் செலவு குறைவு, குளிரும் மழையும் உள்ளே வராது. இது வாய்சியே சொன்ன கணக்கு. அழகுக்காகப் பூசினார் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ, முதலில் சிக்கனம். அழகு அதன் பின்னால் வந்தது.

இதே மனிதர் பறவையும் பூவுமாகச் சுவர்த்தாள் வரைந்து விற்றுப் பிழைத்தவர்! தன் வீட்டுச் சுவர்களை மட்டும் பெரும்பாலும் வெறுமையாக விட்டார். வாடிக்கையாளருக்கு ஒன்று, தனக்கு ஒன்றா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கதவுக் கீலின் நுனியில் ஓர் இதய வடிவம் வைக்க அவர் மறக்கவில்லை. அலங்காரத்தை ஒழிப்பது அவர் நோக்கமல்ல. கையும் கண்ணும் படும் ஓரிடத்தில் சேர்த்து வைப்பது.

1936-இல் கலை வரலாற்றாசிரியர் நிக்கோலஸ் பெவ்ஸ்னர் தன் நூலில் வாய்சியை நவீனக் கட்டடக் கலையின் முன்னோடிகளில் ஒருவராக்கினார். கிழவர் வாய்சிக்கு அது பிடிக்கவில்லை. தட்டைக் கூரை போடும் நவீனக் கட்டடக்காரர்களுக்குத் தன்னைத் தகப்பனாக்குவதை அவர் எப்படி ஏற்பார்? ஆர்ச்சர்டின் படத்தைப் பாருங்கள்: பாதி வீடு கூரைதான்.