அம்பயர் ராக்: பனியாறு போன திசையைச் சொல்லும் பாறை

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் தென்மேற்குப் பக்கம், பேஸ்பால் மைதானத்தை ஒட்டி இருக்கிறது இந்த அம்பயர் ராக். எல்லோரும் மேலே ஏறி செல்ஃபி எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நாம் கொஞ்சம் குனிந்து பார்ப்போம். கேமராவைப் பாறைக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறேன்.

இந்தக் கோடு தெரிகிறதா? இது நகக்கீறல் அளவு. இதோ இந்தப் பள்ளத்தில் பாதத்தையே வைக்கலாம். எல்லாம் ஒரே வாக்கில், வடமேற்கு தென்கிழக்காக ஓடுகின்றன.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, கனடாப் பக்கமிருந்து மெல்ல நகர்ந்து பரவிய பனியாறு, நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனில் இந்த இடத்தை மூடியிருந்தது. வெறும் பனியால் இப்படிக் கீற முடியாது. அதன் அடியில் சிக்கிய கல்லும் மணலும்தான் கீறின. உப்புத்தாளிலும் மரத்தைத் தேய்ப்பது மணல்தானே, தாள் இல்லையே.

சரி, பனி எந்தப் பக்கமிருந்து வந்தது? கோட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, இரண்டு பக்கமும் பொருந்தும். பாறையின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வடக்குப் பக்கம் கை வைத்தால் வழவழவென்று சரிவாக ஏறுகிறது, பாறையில் உள்ள மைக்கா என்ற பளபளப்பான தாது மினுமினுக்கிறது. தெற்குப் பக்கமோ செங்குத்தாக, துண்டு துண்டாகப் பெயர்ந்திருக்கிறது. பனி மோதி ஏறிய பக்கத்தில் அழுத்தம் அதிகம், அங்கே தேய்ந்தது. இறங்கிய பக்கத்தில் உருகிய தண்ணீர் விரிசல்களுக்குள் புகுந்து மறுபடி உறைந்தது. பனி நகர்ந்தபோது அந்தத் துண்டுகளையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. ஆக, வந்தது வடமேற்கிலிருந்து.

இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. இந்தப் பாறை சுமார் 45 கோடி ஆண்டு வயதுள்ள ஷிஸ்ட், அதாவது வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய அடுக்குப் பாறை. ஆனால் பார்க்கில் ஆங்காங்கே டயாபேஸ் என்ற, பாறைக்குழம்பு இறுகி உருவான கருநிறக் கற்கள் தனியாகக் கிடக்கின்றன. அந்த வகைப் பாறை ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையில், நியூ ஜெர்சியின் பாலிசேட்ஸ் செங்குத்துப் பாறைகளில் இருப்பது. ஆற்றைத் தாண்டி இங்கே கொண்டுவந்து போட்டது பனிதான்!

அப்புறம், இந்தப் பனி எதுவரை போனது? ப்ரூக்ளின் வரை. ப்ராஸ்பெக்ட் பார்க், க்ரீன்வுட் கல்லறைத் தோட்டம் இருக்கிற மேடுகள் அது கொட்டிவிட்டுப் போன மண்ணும் கல்லும். அதற்குத் தெற்கே உள்ள சமதரை, உருகிய தண்ணீர் அடித்துவந்து பரப்பிய மணல்.

நேரில் பார்க்க வருகிறவர்கள் காலையிலோ மாலையிலோ வாருங்கள். வெயில் சாய்வாக விழுந்தால்தான் கீறல்கள் எடுப்பாகத் தெரியும். கொலம்பஸ் சர்க்கிள் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.