கீமோவுக்குப் பொறகு வாற மறதி: வீட்டாக்கள் கட்டாயம் கேளுங்க

எல்லாருக்கும் வணக்கம். இண்டைக்குச் சமையலும் இல்ல, ஊர் சுத்துறதும் இல்ல. புற்றுநோய்க்குக் கீமோ எண்ட மருந்து ஏத்தினாக்களுக்கு வாற மறதியப் பத்தித்தான் கதைக்கப் போறன். முக்கியமா வீட்டில கூட இரிக்கிறாக்கள் கேக்கணும்.

ஆரையம்பதியில எங்கட பெரியம்மா சீட்டுப் பிடிக்கிறவ. எல்லார்ட கணக்கையும் கொப்பி பாக்காமச் சொல்லுவா. மார்புப் புற்றுநோய்க்குக் கீமோ முடிஞ்சு, தலைமயிரும் முளைச்சு, ஊரே "சுகம் வந்திட்டு" எண்டு சொன்ன நேரத்திலதான் இது வெளிய தெரிஞ்சிச்சு. காசு எண்ணிக்கொண்டிருப்பா, நடுவில ஆராவது கூப்பிட்டாச் சரி, திரும்ப முதல்ல இரிந்து எண்ணணும். அலுமாரியத் திறந்துபோட்டு, என்னத்துக்குத் திறந்தன் எண்டு தெரியாம நிப்பா. திருவலை கண்ணுக்கு முன்னால கிடக்கும், "மகள், அந்தத் தேங்காய்க்கு... அத எடு" எண்டுவா. பேர் வாயில வராது. "யோசிச்சு யோசிச்சு விசர் பிடிக்கப் போகுது" எண்டு சொந்தக்காரர் சிலர் அவக்கு முன்னாலயே சொன்னாங்க. அந்தக் கதைதான் எனக்குப் பொறுக்கேலாமப் போச்சு.

இது விசரும் இல்ல, சோம்பலும் இல்ல. 2017இல அமெரிக்காவில ஒரு ஆய்வு வந்திச்சு. மார்புப் புற்றுநோய்க்குக் கீமோ ஏத்தின 581 பெண்களையும், புற்றுநோய் இல்லாத 364 பெண்களையும் பார்த்திருக்காங்க. கீமோ முடிஞ்ச கையோட நூற்றுக்கு 45 பேர், முந்தி மாதிரி யோசிக்க, ஞாபகம் வச்சிருக்க ஏலாம இரிக்கு எண்டு சொல்லியிருக்காங்க. புற்றுநோய் இல்லாத பெண்களில அது நூற்றுக்கு 10 பேர்தான். ஆறு மாசம் போன பொறகும் நூற்றுக்கு 36 பேருக்கு இரிந்திருக்கு.

கீமோ மட்டும்தான் காரணம் எண்டும் இல்ல. சிலருக்கு மருந்து தொடங்க முதலே இரிக்கும். நித்திரையில்லாமை, இரத்தம் குறைவு, உடம்புச் சோர்வு, பயம், மனச்சோர்வு, மார்புப் புற்றுநோய்க்குக் குடுக்கிற ஹோர்மோன் குளிசை எல்லாம் சேர்ந்து இழுக்கும். இதில கனக்க விசயம் சரிசெய்யக்கூடியது, அதால தான் வாயத் திறந்து சொல்லுங்க எண்டு கெஞ்சிக் கேக்கிறன். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போறாக்கள் எண்டாலும் சரி, மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குப் போறாக்கள் எண்டாலும் சரி, கிளினிக்கில "வாந்தி இரிக்கா, காய்ச்சல் இரிக்கா" எண்டு கேட்டு முடியவே நேரம் போயிரும். மறதியப் பத்தி நாமதான் எடுத்துச் சொல்லணும். எந்த நேரம், என்ன மறந்தது எண்டு முதல்நாளே ஒரு தாளில எழுதிக் கிளினிக் கொப்பிக்குள்ள வையுங்க. இரத்தம், தைரொயிட் சோதிக்கணுமா எண்டு கேளுங்க. ஹோர்மோன் குளிசையில சந்தேகம் வந்தா டொக்டரிட்டச் சொல்லுங்க, நீங்களா நிப்பாட்டிராதீங்க.

வல்லாரைச் சம்பல் சாப்பிடுங்க, நல்ல சாப்பாடுதான். ஆனா ஞாபகசக்திக்கு எண்டு விக்கிற டொனிக்க டொக்டரிட்டக் கேக்காமக் குடிக்காதீங்க. மருந்து நடக்கிற நேரம் அது என்ன செய்யும் எண்டு அவங்கதான் பார்த்துச் சொல்லணும்.

நடை நல்லம். வெயில் சாய கல்லடிக் கடற்கரையில மெதுவா நடந்தாலே போதும், சோர்வும் குறையும், நித்திரையும் வரும். வீட்டில ஒரு நேரத்தில ஒரு வேலைதான். பெரியம்மா இப்ப சீட்டுக் கணக்கக் கொப்பியில எழுதுறா. காசு எண்ணுற நேரம் டீவிய நிப்பாட்டிருவம், ஒருத்தரும் கூப்பிடமாட்டம். அவ சொல்லுக்குத் தடுமாறினா, பொறுத்திருந்து பார்த்திட்டுத்தான் எடுத்துக் குடுப்பம். கனபேருக்கு மாசக்கணக்கில இது குறைஞ்சு வரும், சிலருக்கு வருசக்கணக்கும் எடுக்கும்.

ஒண்டு மட்டும் வேற மாதிரி. திடீரெண்டு ஆளையே அடையாளம் தெரியாமக் குழம்பினா, வாய் குழறினா, ஒரு பக்கக் கைகால் விழுந்தா, வலிப்பு வந்தா, காய்ச்சலோட பிதற்றினா, அது இந்த மறதி இல்ல. கிளினிக் நாள் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இரிக்காதீங்க, உடனே 1990க்கு அடிச்சு அம்புலன்ஸைக் கூப்பிடுங்க.