18 யூரோவுக்கு ஒரு நோந்த்ரோன்!

வணக்கம் மக்களே. 18 யூரோ! இந்த வீடியோ முழுக்க இதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மேசையில் கிடக்கிறதே, இந்த மடக்குக் கத்தி, இது பழைய நோந்த்ரோன். பாக்ஸ்வுட் கைப்பிடி, பித்தளைப் பூண், கார்பன் ஸ்டீல் அலகு. நான் எவ்வளவு நாளாக இதற்கு ஏங்கிக்கொண்டிருந்தேன் என்று பழைய வீடியோக்கள் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடைசியில் பிரான்சின் பெரிகோர் பக்கம் ஒரு கிராமத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மாட்டியது. நோந்த்ரோன் ஊரும் அதே பெரிகோரில்தான், தோர்தோஞ் மாவட்டத்தில் இருக்கிறது. பிறந்த மண்ணிலேயே வாங்கியதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

விலையைச் சொல்லிவிடுகிறேன். தகரத் தட்டில் கத்திகளைக் கொட்டி, 'எதை எடுத்தாலும் 25' என்று அட்டை வைத்திருந்தார் ஒரு பெரியவர். நான் முதலில் இதைத் தொடவே இல்லை. பக்கத்தில் இருந்த கரண்டியைப் பார்த்தேன், ஒரு பழைய பூட்டைப் பார்த்தேன், அப்புறம்தான் இதை எடுத்தேன். "பூண் சுற்றவில்லையே, ஐயா" என்றேன். "எண்ணெய் விட்டால் சுற்றும்" என்றார். 15 கேட்டேன். 20 என்றார். கத்தியைக் கீழே வைத்தேன். "சரி, 18" என்று அவரே இறங்கினார். 20 யூரோ நோட்டைக் கொடுத்தேன், 2 யூரோ நாணயம் திரும்பி வந்தது. அந்த நாணயத்தைச் செலவழிக்க இன்னும் மனம் வரவில்லை.

சொல்ல விட்டுவிட்டேனே, அதே தட்டில் பிரதெல் என்கிற இன்னொரு வகைக் கத்தியும் இருந்தது. நல்ல கத்திதான். ஆனால் தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்திருந்தது. எடுக்கவில்லை.

போன வீடியோவில் நோந்த்ரோன் படத்தைக் காட்டியதும் பலரும் கேட்ட கேள்வி: "தேனீ எங்கே?" எனக்குக் கோபமே இந்தத் தேனீ மேல்தான். பிரெஞ்சுக் கத்தி என்றால் முதுகில் தேனீ உருவம் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? தேனீ லாயோல் கத்திக்கு உரியது. லாயோல் அங்கே ஓப்ராக் மேட்டு நிலத்தில், அவெய்ரோன் மாவட்டத்து ஊர். அங்கே பியேர்-ழான் கல்மெல்ஸ் 1829 வாக்கில் அந்தக் கத்தியைச் செய்யத் தொடங்கினார் என்பார்கள். தேனீ வந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதாவது ஆரம்ப கால லாயோல்களிலேயே தேனீ கிடையாது! தேனீ இல்லாவிட்டால் போலி என்று சொல்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

இன்னொன்று. லாயோல் என்ற பெயர் ஒரே ஒரு கம்பெனிக்குச் சொந்தமானது இல்லை. எந்த நாட்டில் செய்த மலிவுக் கத்தியிலும் அந்தப் பெயரைக் குத்தி, தேனீயை ஒட்டி விற்கிறார்கள். அதனால் பெயரைப் பார்க்காதீர்கள். ஸ்பிரிங்கும் அலகும் சேரும் இடத்தில் இடைவெளி தெரிகிறதா, கைப்பிடியில் ஆணிகள் மழமழவென்று மரத்தோடு மட்டமாக இருக்கின்றனவா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். தியேர் என்ற ஊரில் செய்த லாயோலை யாராவது குறை சொன்னால் எனக்குப் பிடிக்காது. லாயோல்களில் பெரும்பங்கு நெடுங்காலமாக அங்கேதான் செய்யப்படுகிறது. துரோல் ஆற்றங்கரையில் பலகைமேல் குப்புறப் படுத்து, குளிருக்குக் காலில் நாயைப் படுக்க வைத்துக்கொண்டு சாணை பிடித்த ஊர் அது.

சரி, நோந்த்ரோனுக்கு வருகிறேன். லாயோலில் ஸ்பிரிங்தான் அலகைப் பிடித்து நிறுத்துகிறது. இதில் ஸ்பிரிங்கே இல்லை. கழுத்தில் இருக்கும் பித்தளைப் பூணில் ஒரு வெட்டு இருக்கிறது பாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். வெட்டு அலகுக்கு நேராக இருந்தால் கத்தி மடங்கும். விரித்துவிட்டுப் பூணைத் திருப்பினால் வெட்டு விலகி, அலகு மடங்காமல் நிற்கும். ஓபினெல் என்கிற பிரெஞ்சு மடக்குக் கத்தி வைத்திருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். 1955இல் அவர்கள் மாட்டிய வளையமும் இதே வேலையைத்தான் செய்கிறது. 2000இலிருந்து அது மூடிய நிலையிலும் பூட்டும்.

என் பூண் அசையவே இல்லை. வெட்டு முழுக்கப் பச்சைக் களிம்பு. குறடு வைத்துத் திருப்பு என்றார் ஒரு நண்பர். பித்தளையில் பல் தடம் விழுந்தால் அப்புறம் யார் அழுவது? ஓபினெல் மாதிரி பின்பக்கத்தை மேசையில் தட்டு என்றார் இன்னொருவர். சவோயார்ட் தட்டு என்பார்கள் அப்படித் தட்டுவதை; அது ஈரத்தில் மரம் ஊதி அலகு வெளியே வராமல் மாட்டிக்கொண்டால் செய்வது. களிம்புக்கு அது மருந்தில்லை. அதோடு இந்தக் கைப்பிடியின் முனையைப் பாருங்கள், கெண்டை மீன் வால் போலச் செதுக்கியிருக்கிறார்கள். இதையா தட்டுவது?

தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, ராத்திரி முழுக்க ஊற விட்டேன். காலையில் பல்குத்தும் குச்சியால் வெட்டில் இருந்த பச்சையை வழித்தேன். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிப் பூணில் சுற்றி, உள்ளங்கையால் அழுத்தித் திருப்பினேன். முதலில் ஒரு மயிரிழை. மறுபடி எண்ணெய். அப்புறம் கிறீச்சென்று ஒரு சத்தம், சுற்றிவிட்டது! கேமரா ஓடவில்லையே என்றுதான் வருத்தம். இப்போது பாருங்கள், ஒரே விரலில் சுற்றுகிறது. பித்தளைக்குப் பாலிஷ் போடச் சொல்லாதீர்கள், போட மாட்டேன்.

மரத்தில் சூடு போட்ட குறிகள் தெரிகிறதா? தலைகீழ் V, மூன்று புள்ளிகள். இதுதான் நோந்த்ரோனின் அடையாளம். இதில் பாதி மங்கிவிட்டது, ஆனால் விளக்கைச் சாய்த்தால் நன்றாகத் தெரியும். பாக்ஸ்வுட் அவ்வளவு நெருக்கமான மரம், அத்தனை ஆண்டு கைபட்டும் ஒரு விரிசல் இல்லை.

அலகில் கருநீலப் படிவு இருக்கிறது. துரு இல்லை, ஆப்பிள், வெங்காயம் வெட்டி வெட்டி வந்த நிறம். அதையும் சுரண்ட மாட்டேன். ஸ்டெயின்லெஸ் ஆட்கள் சண்டைக்கு வரலாம், எனக்குக் கார்பன்தான் உயிர். வேலை முடிந்ததும் துடைத்து வைத்தால் போதும்.

முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்: பிரான்சில் தகுந்த காரணம் இல்லாமல் இதைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றக் கூடாது, சட்டப்படி குற்றம். சந்தையிலிருந்து காகிதத்தில் சுற்றி, நேரே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அடுத்தது பிரெனே மலைப்பக்கத்துக் காபூசன் என்கிற மடக்குக் கத்தி. கொம்புக் கைப்பிடி இருந்தால் மட்டும் வாங்குவேன். 40 யூரோவுக்குக் கீழே எங்காவது பார்த்தால் உடனே சொல்லுங்கள், அலகு ஆடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.